வீட்டுப் பலகாரத்திற்குப் பதிவுச் சீட்டு: அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

களத்தில் காய்ந்து கிடக்கும் நிலக்கடலைக்கு விலை சொல்பவர் வியாபாரி. அதே கடலை வறுபட்டு, தோல் நீங்கி, வெல்லப் பாகில் புரண்டு மிட்டாயாகிக் கடைக்கு வந்தால் அதற்கு விலை சொல்பவரும் வியாபாரிதான். விதைத்துப் பறித்தவருக்கு இரண்டு இடத்திலும் வாய் இல்லை. கேழ்வரகு, கம்பு, சாமை பயிரிடுவோர் நிலையும் இதுவே. மாவாக அரைத்துப் பிஸ்கட்டாகவும் ரொட்டியாகவும் சுட்டால் கிடைக்கும் கூடுதல் காசு, மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்திற்குப் பெரிய கைத்தாங்கல். ஆனால் அந்தக் காசு நிலத்துக்காரர் வீட்டிற்கு வருவது அபூர்வமாகவே இருக்கிறது.

கைப்பக்குவம் இல்லாமல் இல்லை. மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஊட்டி வறுக்கி என்று ஊர்ப் பெயரோடு ஒட்டிய பண்டங்கள் பல உண்டு. பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டிலும், கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டிலும், முறுக்குக்கும் வறுக்கிக்கும் 2023ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இவையெல்லாம் பெரிய ஆலைகளில் பிறந்தவை அல்ல. சிறு அடுப்புகளில் பிறந்தவை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் செய்த பண்டத்தை வெளியில் விற்பது என்றாலே, "லைசென்ஸ் கேட்பார்கள், அபராதம் போடுவார்கள்" என்ற அச்சம் கிராமத்தில் பரவிக் கிடக்கிறது. இந்த அச்சத்தினால் லாபம் அடைவோர் இடைத்தரகர்களே.

பலகாரம் சுடும் வீட்டுப் பெண் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரர் அதைத் தம் பெயர் அச்சிட்ட பையில் அடைத்து விற்கிறார். சூடு பட்ட கை ஒன்று, பெயர் பெற்ற கை வேறு. நாளைக்குக் கடைக்காரர் வேறு வீட்டைத் தேடிப் போனால், பத்தாண்டு உழைத்த பெண்ணுக்குக் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இராது. வங்கியில் கடன் கேட்டால் தொழில் நடந்ததற்கு அத்தாட்சி இராது. பதிவுச் சீட்டு என்பதை வெறும் அரசாங்கக் காகிதமாக எண்ணாமல், உழைப்பவர் பெயர் நிலைக்கும் பட்டாவாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக, 2006ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 ஆகஸ்டு 5ஆம் நாள் முதல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. இச்சட்டத்தில் விவசாயிகள் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைப் பண்ணை அளவில் விளைந்த வடிவிலேயே விற்பதற்கு இச்சட்டம் குறுக்கே நிற்பதில்லை. தக்காளியைக் கூடையில் வைத்து விற்கலாம். அதே தக்காளி தொக்காக மாறிப் புட்டியில் ஏறியவுடன் அது உணவுத் தொழிலாகிவிடுகிறது, பதிவு வேண்டும்.

இரண்டாவதாக அறிய வேண்டியது, "உரிமம்" வேறு, "பதிவு" வேறு என்பது. பெரிய நிறுவனத்திற்கு உரிமம். தானே செய்து தானே விற்கும் சிறு உற்பத்தியாளர், தெருவில் விற்பவர், குடிசைத் தொழில் நடத்துவோர் ஆகியோருக்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவே உரிமத்திலிருந்து விலக்கு அளித்து, பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது. 2011ஆம் ஆண்டு விதிகள் இதற்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்றுமுதல். அதாவது நாள் தவறாமல் விற்றாலும் நாளொன்றுக்குச் சுமார் 3,280 ரூபாய். பால், இறைச்சி தவிர்த்த பண்டங்களில் நாளுக்கு 100 கிலோ வரை செய்யலாம் என்றும், பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் அவ்விதிகள் வகுத்தன. வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படக் கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் கேட்டுக்கொள்வது நலம். எப்படித் திருத்தினாலும், இரண்டு அடுப்பு வைத்துப் பலகாரம் சுடும் குடும்பம் இந்தச் சிறு வாசலுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது செய்தி பலருக்கும் தெரியாதது. விண்ணப்பம் வந்த 7 நாட்களுக்குள் பதிவு தரவேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்வையிட வருவதாக அறிவிக்க வேண்டும் என்று அதே விதிகள் அதிகாரிக்குக் கெடு வைத்தன. பார்வையிடுவதானால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இக்கெடுவுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் விண்ணப்பித்தவர் தொழிலைத் தொடங்கலாம் என்றும் எழுதப்பட்டது. ஏழைக்கு இவ்வளவு இடம் கொடுத்து வகுக்கப்பட்ட விதி, ஏழையின் காதுக்கே எட்டாமல் போனதுதான் வருத்தம்.

கட்டுப்பாடே வேண்டாமா?

"பாட்டி காலத்தில் யார் சீட்டுக் கேட்டார்கள்?" என்று கேட்போர் உண்டு. பாட்டி சுட்ட அதிரசத்தைத் தின்றவர் பக்கத்து வீட்டுக்காரர். வயிறு கெட்டால் மறுநாள் காலை வாசலில் வந்து நின்று கேட்டுவிடுவார். அந்த வெட்கமே அன்றைக்குச் சட்டமாக இருந்தது. இன்று வீட்டில் கட்டிய பொட்டலம் பேருந்து ஏறிப் பட்டணம் போகிறது. தின்பவருக்குச் செய்தவர் யார் என்று தெரியாது. முகம் தெரியாத இடத்தில் முகவரியாவது இருக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு டில்லியில் கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்து பலர் மாண்டதை நாடு கண்டது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்தது. துணிக்குப் போடும் சாயம் குழந்தையின் வாய்க்குப் போனது கலப்பட முதலாளியின் சூழ்ச்சியால் மட்டுமல்ல, விவரம் அறியாத சிறு வியாபாரியின் கையாலும்தான். ஆகவே சிறியவர் என்பதற்காகச் சுத்தத்தில் சலுகை கேட்பது நியாயமாகாது. காகிதத்திலும் கட்டணத்திலும் அலைச்சலிலும் சலுகை கேட்பதே நியாயம்.

பிற நாட்டிலும் இதே வழக்கு

இந்தத் தகராறு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பால் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற விஸ்கான்சின் மாநிலத்தில், வீட்டு அடுப்பில் சுட்ட ரொட்டியையும் பிஸ்கட்டையும் விற்கத் தடை இருந்தது. விவசாயக் குடும்பத்துப் பெண்கள் மூவர் 2016ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். அந்தத் தடை செல்லாது என்று 2017ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி மாநிலம் இவ்வகை விற்பனைக்கு 2021ஆம் ஆண்டில்தான் வழிவிட்டது. அங்கும் அனுமதிச் சீட்டும் விவரச் சீட்டும் உண்டு.

அந்நாட்டு மாநிலங்கள் பலவும் பின்பற்றும் ஒரு முறை நாம் கவனிக்கத் தக்கது. குளிர்ப்பெட்டி இல்லாமலே கெடாமலிருக்கும் உலர்ந்த பண்டம் ஒரு வகை. பால், இறைச்சி போன்று விரைவில் கெடும் பண்டம் வேறு வகை. முதல் வகைக்கு விதி இலகு, இரண்டாவதற்குக் கடுமை. நமது பதிவு முறையோ முதன்மையாக விற்றுமுதலையும் உற்பத்தி அளவையும் பார்க்கிறது. முறுக்கு, கடலை மிட்டாய், சிறுதானியப் பிஸ்கட் போன்ற உலர் பண்டங்களை ஒரு பட்டியலாக்கி, அவற்றுக்கு இன்னும் எளிய வழி வகுப்பது நமக்கும் பொருந்தும்.

அரசு செய்ய வேண்டியவை

பதிவு முறை 2020ஆம் ஆண்டு முதல் புதிய கணினித் தளத்திற்கு மாறியது. படித்த பட்டணத்துக்காரருக்கு இது வசதி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்மாருக்கோ புதிய மதில். அவர் இன்னொருவர் கையை எதிர்பார்க்க நேருகிறது. நூறு ரூபாய்க் கட்டணத்துக்குப் பல நூறு ரூபாய்ச் செலவு வந்து சேருகிறது. இதைத் தவிர்க்க வழி விதியிலேயே இருக்கிறது. ஊராட்சி அலுவலர் ஒருவரையும் பதிவு அதிகாரியாக நியமிக்கலாம் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுத்துள்ளன. இந்த வழியைத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும். அது கைகூடும் வரை, கிராமசபை கூடும் நாட்களில் உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து அங்கேயே மனு வாங்க ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவதாக, பொட்டலத்தின் மேல் ஒட்டும் விவரச் சீட்டின் மாதிரியைத் தமிழில் அச்சிட்டு வட்டாரந்தோறும் இலவசமாக வழங்க வேண்டும். மூன்றாவதாக, முதல் தவறுக்கே அபராதம் என்ற எண்ணம் கூடாது. குறையைத் திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து அறிவிப்புக் கொடுக்கும் முறையைச் சட்டத்தின் 32ஆம் பிரிவே சொல்கிறது. வீட்டு அடுப்பைப் பார்க்க வரும் அதிகாரி அந்தப் பிரிவை முதலில் நினைக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை சந்தை பற்றியது. 1999ஆம் ஆண்டு மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, விவசாயிக்கு அடையாள அட்டையும் தராசும் உட்கார இடமும் கொடுத்தார்கள். அதனால் காய்கறிக்காரர் நேரே வாங்குபவர் முகம் பார்த்தார். பதிவு பெற்ற வீட்டுப் பலகாரத்துக்கும் அச்சந்தைகளில் ஒரு பக்கம் ஒதுக்கினால், கூலிக்குப் பலகாரம் சுடும் பெண் தன் சரக்குக்குத் தானே விலை சொல்வார்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

அரசைக் குறை கூறுவதோடு நின்றுவிட்டால் போதாது. வீட்டுக்குச் சமைப்பதும் விற்பனைக்குச் சமைப்பதும் ஒன்றல்ல என்பதை உணர வேண்டும். விற்பனைக்குச் சுடும் நேரத்தில் வீட்டுச் சமையல் கூடாது. கோழியும் நாயும் அண்டக் கூடாது. தலையில் துணி, நறுக்கிய நகம், கழுவிய கை ஆகியவை கட்டாயம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கையில் புண் உள்ளவர் அன்று அடுப்படிக்குப் போகலாகாது. கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ பயன்படுத்துவோர், மாவட்டக் குடிநீர் வாரிய ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும். வறுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு, பூசணத்தின் நஞ்சு சூட்டுக்கு எளிதில் அழியாது. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயில் மறுபடி சுடக் கூடாது. பிஸ்கட்டும் முறுக்கும் நன்றாக ஆறிய பின்பே அடைக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து நமத்துப் போகும், ரொட்டியானால் பூசணம் பூக்கும்.

சீட்டில் பண்டத்தின் பெயர், சேர்மானம், எடை, விலை, செய்த நாள், கெடு நாள், செய்தவர் முகவரி, 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். கடலை, கோதுமை, பால், முட்டை சிலருக்கு ஒவ்வாதவை; அவை சேர்ந்திருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். முட்டை சேர்த்த கேக்கிற்குப் பச்சைப் புள்ளி வைப்பது குற்றம். அதற்குப் பழுப்பு முக்கோணக் குறியே உரியது. வீட்டு உபயோகத்திற்கான 14.2 கிலோ எரிவாயு உருளையை வியாபாரத்திற்கு எரிப்பதும் விதிக்குப் புறம்பானது. வீட்டு மின் இணைப்பில் மின்னடுப்பு ஓட்டுவோர் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

பக்குவம் கற்க விரும்புவோருக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களும், மதுரையிலுள்ள வேளாண் பல்கலைக் கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியும், தஞ்சையிலுள்ள உணவு பதப்படுத்தும் நிறுவனமும் உண்டு. தனியாகச் செய்ய இயலாதவர் மகளிர் குழுவாகச் சேர்ந்து ஒரே பதிவில் தொழில் நடத்தலாம்.

உழுதவர் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. விளைந்ததை அப்படியே மூட்டை கட்டித் தூக்கிவிடும் வரையில் அந்தப் பழமொழி பொய்க்கப் போவதில்லை. மூட்டையில் ஒரு பகுதியாவது வீட்டு அடுப்பு வழியாகச் சந்தைக்குப் போகட்டும். போகும்போது அதைச் செய்தவர் பெயரும் உடன் போகட்டும். அதற்கு ஒரு மனுவும் சிறு கட்டணமும் சுத்தமான கையும் போதும் என்று விதி சொல்கிறது. விதி சொல்வதை ஊராட்சி வாசல் வரை கொண்டு வந்து சேர்ப்பது அதிகாரிகள் கடமை. வந்ததைப் பயன்படுத்திக்கொள்வது விவசாயக் குடும்பங்களின் பொறுப்பு.