பைக்கை விற்கப் போறீங்களா? பணம் வந்த பிறகுதான் சாவி! - கையில ஒரு போன்

பழைய பைக்கை விற்க முடிவு செய்துவிட்டீர்கள். வண்டியைக் கழுவித் துடைத்து, நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, ஆன்லைனில் விளம்பரமும் போட்டாயிற்று. விலை 52,000 ரூபாய். பத்தாவது நிமிடத்தில் போன் வருகிறது.

"சார், நான் ஆர்மியில இருக்கேன். வேற ஊர்ல போஸ்டிங். நேர்ல வந்து பார்க்க லீவு கிடைக்காது. போட்டோ பார்த்தேன், பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன். ஒரு க்யூ.ஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க. அட்வான்ஸ் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும்."

கூடவே ராணுவச் சீருடை போட்டோவும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். இந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். பழைய பைக் வாங்குகிறவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார், சைலன்ஸர் புகையைப் பார்ப்பார், டயரைத் தடவிப் பார்ப்பார், கடைசியில் இரண்டாயிரமாவது குறைக்கச் சொல்வார். வண்டியையும் பார்க்காமல், பேரமும் பேசாமல் பணம் தருகிறேன் என்பவருக்கு உங்கள் பைக் தேவையில்லை.

அதற்காக வெளியூர்க்காரர் என்றாலே மோசடி என்று ஒதுக்க வேண்டியதில்லை. பணத்தை வாங்குகிற முறை சரியாக இருந்தால் போதும்.

பின் நம்பர் எதற்கு?

யு.பி.ஐ-யில் பின் நம்பர் போடுவது பணம் அனுப்பவும், பேலன்ஸ் பார்க்கவும்தான். பணத்தைப் பெறுவதற்கு பின் தேவையே இல்லை. க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்வதும் கொடுப்பவர் செய்கிற வேலை. மளிகைக் கடையில் நாம்தான் ஸ்கேன் செய்கிறோம், கடைக்காரர் செய்வதில்லை. இங்கே நீங்கள்தான் கடைக்காரர்.

"முதல்ல ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்க, ரெண்டு ரூபாயா வரும்" என்பது நம்பிக்கையை வரவைக்கப் போடும் தூண்டில். இரண்டு ரூபாய் நிஜமாகவே வரும். அடுத்து வரும் கோடில்தான் 20,000 போகும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆனால் க்யூ.ஆர் கோடை வைத்து ஏமாற்றுவது ஓயவில்லை.

ஸ்க்ரீன்ஷாட் பணம் ஆகாது

பணம் போனதாகக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. வங்கியிலிருந்து வந்தது போலவே எஸ்.எம்.எஸ் தட்டி அனுப்பவும் ஒரு நிமிடம் போதும். அதனால் அவர் போனையும் பார்க்க வேண்டாம், உங்களுக்கு வந்த மெசேஜையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, இருப்பில் தொகை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். "சர்வர் ஸ்லோ, அரை மணி நேரத்துல வந்துடும், அதுக்குள்ள வண்டியை எடுத்துட்டுப் போறேன்" என்றால், ஒரு டீ சொல்லி உட்கார வையுங்கள். வண்டியும் அரை மணி நேரம் நிற்கட்டும்.

யார் கணக்கிலிருந்து வருகிறது?

பலரும் கவனிக்காத விஷயம் இது. வாங்குபவர் ஒருவர், பணம் வருவது சம்பந்தமில்லாத இன்னொருவர் கணக்கிலிருந்து என்றால் யோசியுங்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்தால், அவர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன வழியைத் தேடி போலீஸ் வரும். உங்கள் கணக்கு முடக்கப்படலாம். நீங்கள் விற்றது உண்மை என்று காட்டி மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆர்.சி-யில் யார் பெயர் ஏறப்போகிறதோ, அவர் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"தவறிப்போய் 10,000 அதிகமா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று அழைப்பு வந்தாலும் அவசரப்பட வேண்டாம். அப்படி எதுவும் வராமலேகூட இருக்கலாம். நிஜமாகவே வந்திருந்தால், உங்கள் வங்கியிடம் சொல்லி அதன் மூலம் திருப்புங்கள்.

நடுவில் ஒருவர்

இன்னொரு தந்திரம். உங்கள் விளம்பரத்தின் போட்டோவை எடுத்து, குறைந்த விலைக்குத் தன் பெயரில் போடுவார் மோசடிக்காரர். உங்களிடம், "என் மச்சான் வந்து வண்டியைப் பார்ப்பான், விலை மட்டும் பேசாதீங்க" என்பார். வருபவரிடம், "அவர் என் அண்ணன்தான், பணத்தை எனக்கு அனுப்பிடுங்க" என்பார். வந்தவர் உங்கள் வாசலில் நின்றபடியே அவருக்குப் பணம் அனுப்பிவிட்டுச் சாவி கேட்பார். தப்பே செய்யாத இரண்டு பேர் தெருவில் சண்டை போட, பணம் மூன்றாவது ஆளிடம் போயிருக்கும். வண்டி பார்க்க வருபவரிடம் விலையையும், பணம் போக வேண்டிய கணக்கையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இந்த வலை அறுந்துவிடும்.

எப்படி வாங்கலாம்?

ஒரு லட்சத்துக்குள் என்றால் யு.பி.ஐ போதும். பெரும்பாலான வங்கிகளில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம். ஐ.எம்.பி.எஸ் உடனே வரும். நெஃப்ட் என்றால் கொஞ்ச நேரம் எடுக்கலாம். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் குறைந்த தொகைதான் அனுப்ப முடியும் என்று சில வங்கிகள் வைத்திருப்பது உண்மை. ஆகவே முந்தைய நாளே உங்கள் கணக்கைச் சேர்த்து, சிறு தொகையை டோக்கனாக அனுப்பச் சொல்லுங்கள். ரொக்கம் என்றால் உங்கள் வங்கிக் கிளையிலேயே சந்தித்து, கவுன்ட்டரில் கட்டிவிடுங்கள். கள்ள நோட்டுப் பயம் இருக்காது. செக் வாங்கினால், பணம் கணக்கில் ஏறும்வரை வண்டி உங்கள் வீட்டில்தான்.

வாங்குபவருக்கும் பயம் இருக்கும், அதையும் மதிக்க வேண்டும். அவரோ, அந்த ஊரிலிருந்து அவருடைய உறவினரோ நேரில் வரட்டும். வண்டியைப் பார்த்து, ஆர்.சி-யைச் சரிபார்த்து, பணம் அனுப்பி, அது ஏறியதை இருவரும் பார்த்த பிறகு சாவி கை மாறட்டும். ரயில் பார்சலில் அனுப்புவதானால் முழுப் பணமும் வந்த பிறகே புக்கிங். பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி நகலும் அடையாளச் சான்றும் எடுத்துப் போங்கள்.

பேப்பரையும் முடியுங்கள்

பணம் வந்ததோடு வேலை முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவரின் பெயர், தேதியோடு நிரப்பிக் கையெழுத்திடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று தேவை. லோன் இருந்தால் அதை முடித்து, படிவம் 35-ஐயும் வாங்க வேண்டும். டெலிவரி கொடுத்த தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு? பல கை மாறிய ஒரு கார் விபத்து வழக்கில், பதிவில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறாத வரை அந்த வண்டி செய்வதெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். திருடிய பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வாய்ப்பு. ஒவ்வொரு நிமிடமும் காசு.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வண்டியை விற்கப்போவதாகச் சொன்னால், இரண்டே வரியை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: பணம் வாங்க பின் போட வேண்டாம். கணக்கில் ஏறாமல் சாவி தர வேண்டாம். நிஜமாக வாங்க வந்தவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.