அரைநாள் பயணமும் ஐவேளைத் தொழுகையும்



சென்ற விடுமுறையில் குடும்பத்தாருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருநாள் சுற்றுலா சென்றிருந்தேன். அஸர் பாங்கு கேட்டதும் வழியிலிருந்த ஒரு பள்ளிவாசல் முன் வண்டியை நிறுத்தினோம். நானும் மகனும் உளூச் செய்து ஜமாஅத்தில் சேர்ந்துகொண்டோம். தொழுது திரும்பியபோது என் தாயாரும் மனைவியும் மகளும் வண்டியருகிலேயே நின்றிருந்தனர். பெண்கள் உளூச் செய்யவும் அங்கே இடமில்லை. "அத்தா, நாங்கள் எங்கே தொழுவது?" என்று மகள் கேட்டாள். மத்ரஸாவில் தொழுகையின் சட்டங்களைக் கற்பிக்கும் என்னிடம் அதற்கு விடையில்லை. வீடு சேர்வதற்குள் மஃக்ரிப் நேரம் வந்துவிட்டது. மூவரும் அஸரைக் களாவாகத் தொழுதனர். பயணத்தைத் திட்டமிட்டவன் நான். எனவே முதற்குற்றம் என்னுடையதே.

"பயணத்தில்தானே இருக்கிறோம், சலுகை உண்டு" என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். கஸ்ராகச் சுருக்கித் தொழுவதற்குரிய தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் கணக்கில் சிறு வேறுபாடு உண்டு. கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 15 கிலோமீட்டர். தெற்கே ஆலம்பரைக் கோட்டை சுமார் 40 கிலோமீட்டர். இவ்விரண்டுக்கும் செல்பவர் முஸாஃபிர் ஆகமாட்டார். அவர் முழுமையாக, உரிய நேரத்தில் தொழவேண்டும். புதுச்சேரி வரை செல்வோர் தம் ஊர் எல்லையிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, தம் மத்ஹபின் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே, குறும்பயணத்தின் நேர அட்டவணையைத் தொழுகை நேரங்களிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. வண்டியிலுள்ள ஆண்களின் தொழுகை மட்டுமன்று, அனைவரின் தொழுகையும் அதில் இடம்பெறவேண்டும். கல்பாக்கத்தில் வசிப்போருக்கும், அங்கு உறவினர் வீடு உள்ளோருக்கும் இது எளிது. ஊர் நடுவில் இருப்பதால், ஒருநாள் பயணத்தை இரண்டு அரைநாள் பயணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

காலையில் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். ஃபஜ்ர் தொழுதபின், பயண துஆவைப் பிள்ளைகளை ஓதச்செய்து புறப்படலாம். பாலாற்றுப் பாலத்தைக் கடந்து கடப்பாக்கம் வரை சென்றால், கழிமுகத்தின் கரையில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். 1735ஆம் ஆண்டளவில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலீ கான் ஆட்சியின்கீழ் இருந்த கோட்டை அது. 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று; 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். ஒருகாலத்தில் நாணயம் அச்சடித்த இடத்தில் இன்று செங்கற்சுவர்களே எஞ்சியுள்ளன. ஆட்சிகள் எவ்வாறு கைமாறுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வகுப்பறை இல்லை. வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். குடிநீரும் சிற்றுண்டியும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

திரும்பும் வழியில், கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை உள்ளது. அதனுள்ளிருக்கும் கல்லறைகளின் செதுக்கு வேலைப்பாடு காணத்தக்கது. 1782 பிப்ரவரி 17 அன்று இக்கடலில்தான் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதின. அந்தப் பிரெஞ்சுப் படை ஹைதர் அலீக்குத் துணையாக வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு வீடு திரும்பி ளுஹர் தொழுது, உண்டு, முதியோர் சற்று ஓய்வெடுக்கலாம். வெள்ளிக்கிழமையாயின் காலைப் பயணத்தைத் தவிர்த்து, ஜும்ஆவுக்குப் பின்னரே புறப்படுங்கள்.

அஸரை வீட்டில் தொழுதுவிட்டு மாமல்லபுரம் செல்லுங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள நினைவுச்சின்னங்கள் மாலை 6 மணியுடன் மூடப்படும். எனவே அனைத்தையும் பார்க்க முயலாமல் ஒன்றிரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் நுழைவுச்சீட்டு உண்டு. 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவற்றைப் பல்லவர் காலத்துக் கல்வேலையாகவும் வரலாறாகவும் பார்க்கலாம். பிற சமயத்தார் மதிக்கும் சிற்பங்களின்மீது ஏறுவதோ கேலி பேசுவதோ கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்பே அறிவுறுத்துங்கள். காணும் பொங்கலன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நெரிசல் மிகுதி. வேறு நாளைத் தேர்வது நன்று.

கடலில் குளிக்க இறங்காதீர்கள். மாமல்லபுரக் கடலில் இழுப்பு வலிது. நீச்சல் தெரிந்த இளைஞர்களையும் அது கொண்டுபோயிருக்கிறது. கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாலையிலும் வேகத்தைக் குறையுங்கள். உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உணவுப் பொட்டலங்களையும் நெகிழிப் பைகளையும் மணலில் விட்டுவிட்டு வராதீர்கள். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்பிக்கும் நாம், தீங்கை அங்கே வைத்துவிட்டு வரலாமா?

வண்டியில் எப்போதும் இரண்டு முஸல்லாக்களும், உளூவுக்கு ஒரு கேன் தண்ணீரும், குவளையும் இருக்கட்டும். இக்கரையில் கிப்லாவைக் கண்டறிவது எளிது. கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கித் திரும்பினால் கிப்லா ஏறத்தாழ அமைந்துவிடும். மஃக்ரிபுக்குக் குறுகிய நேரமே உண்டு என்பதால் சூரியன் மறையுமுன் எங்கே தொழுவது என்று முடிவுசெய்துவிடுங்கள்.

இறுதியாக, கடற்கரைச் சாலையோர மஹல்லாக்களின் முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்கள் பள்ளிவாசலில் ஜமாஅத்தாகத் தொழுவது பற்றிய கருத்துவேறுபாட்டை நான் இங்கே கிளறவில்லை. வழியில் தொழுகை நேரம் வந்துவிட்ட ஒரு பெண்ணுக்குத் தனி வாசலுடன் ஒரு சிற்றறை, ஒரு குழாய், தூய்மையான ஒரு கழிவறை, வெளியே ஓர் அறிவிப்புப் பலகை, இவ்வளவே கேட்கிறேன். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பல பள்ளிவாசல்களில் பயன்படாத அறை ஒன்று ஏற்கெனவே இருக்கக்கூடும்.

அடுத்த விடுமுறையில் அதே சாலையில் மீண்டும் செல்ல எண்ணியுள்ளேன், இன்ஷா அல்லாஹ். இம்முறை புறப்படுமுன்பே மகளை அழைத்து, "அஸரை எங்கே தொழுவோம், சொல்" என்று நான் கேட்பேன். அவள் சொல்லும் இடத்தை வைத்தே மற்ற இடங்களை முடிவுசெய்வோம்.