கக்கின பிள்ளை தக்கும், எத்தனை வயசு வரைக்கும்?

செமஸ்டர் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். அக்கா பையனுக்கு நாலு வயசு. முதல் நாள் ராத்திரி ஒரு மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். "மாமா, தொண்ட எரியுது" என்றான். அக்கா தூக்கக் கலக்கத்திலேயே எழுந்து ஒரு சிரப்பை மூடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அவ்வளவு பழக்கம்! ஏழு மாசமாக இதுதான் வைத்தியமாம். கீழே போகிறவர்களிடம் காலி பாட்டிலைக் கொடுத்தனுப்பினால், மெடிக்கலில் அதையே வாங்கி வந்து கொடுத்துவிடுவார்கள்.

அந்த பாட்டிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது இயற்பியல், மருத்துவம் அல்ல. தப்பு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கைக்குழந்தை விஷயத்தில் இது பெரும்பாலும் சரிதான். இரைப்பையின் மேல்வாயை மூடும் தசை அந்த வயசில் சரியாக இறுகுவதில்லை. சாப்பாடும் பால், படுக்கையும் மல்லாக்க. அதனால் பால் மேலே வருகிறது. நாலாவது மாச வாக்கில் அதிகமாக இருந்து, ஒன்றரை வயசுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாக நின்றுவிடும். குழந்தை சிரித்துக்கொண்டு, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் மருந்தே வேண்டாம். ஆனால் நாலு வயசுப் பையன் ராத்திரி ராத்திரி எழுந்து தொண்டை எரிகிறது என்றால், அங்கே இந்தப் பழமொழி செல்லாது.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ரானிடிடின். இதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக் கூடிய பொருள் இருப்பதாகத் தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. நம் நாட்டில் 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பட்டியலிலிருந்து நீக்கினால் தடை என்று அர்த்தமில்லை. மலையில் இருக்கிற அக்காவுக்கு இதை யார் வந்து சொல்வார்கள்?

வேறு மருந்தாக இருந்தாலும் என் கேள்வி இதுதான்: ஏழு மாசம் யாரும் பார்க்காமல் கொடுப்பது வைத்தியமா? ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் நல இரைப்பை மருத்துவர் சங்கங்கள் 2018ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், நெஞ்செரிச்சல் உள்ள பெரிய குழந்தைக்கு அமிலம் குறைக்கும் மருந்தை 4 முதல் 8 வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்வதும்தானே! அதைக் காரணமில்லாமல் அடக்கி வைத்தால் வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் வர வாய்ப்பு கூடுகிறது.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதினோம். மாமா வேலை முடிந்து வர ஒன்பது மணி ஆகும். அவரோடு சேர்ந்து காரக்குழம்பு சோறு, மேலே அரை டம்ளர் டீ, உடனே பாயில் படுக்கை. நோட்டைப் பார்த்ததும் அக்காவே சிரித்துவிட்டாள். ஆறரைக்கே காரமில்லாமல் சாமைச் சோறு, கொஞ்சம் கொஞ்சமாக. படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் இடைவெளி. டீயும் பாக்கெட் தீனியும் கிடையாது. வாரத்தில் ஐந்து ராத்திரி எழுந்தவன் இரண்டாவது வாரம் இரண்டு ராத்திரிதான் எழுந்தான்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது வேறு. அங்கன்வாடியில் எழுதி வைத்திருந்த எடை நாலு மாசமாக ஏறவே இல்லை. பன்னிரண்டரை கிலோவிலேயே நின்றது. அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் பழைய சிரப்பை நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதினார். கூடவே நிறுத்த வேண்டிய தேதியையும் எழுதினார். எனக்குப் பிடித்தது அந்தத் தேதிதான். மூன்று மாசம் ஆகிறது. இப்போது 13 கிலோ 400. மருந்தா, சாப்பாட்டு நேரமா, எது கேட்டது என்று தெரியாது. எதுவாக இருந்தாலும் சந்தோஷம்.

ஒன்று மறக்காதீர்கள். பச்சையாக வாந்தி, ரத்தம், கறுப்பாக மலம், விழுங்கும்போது அடைப்பு, மூச்சுத் திணறல், எடை குறைவது, இதில் எது இருந்தாலும் நோட்டு போடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"அம்மாவுக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது சுலபம். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அறுப்பு நேரமென்றால் சாமைக் கதிர் காட்டில் நிற்கும். பாட்டில் மட்டும்தான் வீடு தேடி வருகிறது. அதனால் அவர்கள் பாட்டிலை நம்புகிறார்கள். தப்பு அக்காவிடம் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

தூரத்தைக் குறைக்கப் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. 1975ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் மலையிலும் இருக்கிறது. எடையும் பார்க்கிறார்கள். அந்த எடை இரண்டு மாசம் ஏறாவிட்டால், "ராத்திரி இருமுகிறானா? எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான்? என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று மூன்று கேள்வி கேட்டு டாக்டரிடம் அனுப்பினால் போதும்.

இதே மலையில் காவலூரில் 1986லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இயற்பியல் மாணவனாக எனக்கு அதில் பெருமைதான். ஆனால் என் அக்கா பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு தராசும், அந்த எண்ணைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கும் ஆளும்தான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு பாட்டில் இருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.