மேடைக்குக் கீழே ஒரு மேசை

எறையூர் என்றதும் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலை. அரவை தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அங்கே வரிசை கட்டி நிற்கும். இப்போது சிப்காட் தொழிற்பூங்காவும் சேர்ந்துகொண்டது. 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மறு ஆண்டே காலணி ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. எடைமேடைக்கு முறை வரும்வரை டிரைவர் காத்திருக்கிறார். ஷிப்ட் முடிந்த பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் பெரும்பாலும் போனுக்குத்தான் போகிறது. ஆனாலும் இப்படிப்பட்ட எந்த ஊரிலும் பையில் ஒரு புத்தகம் வைத்திருக்கும் ஆள் இருக்கவே செய்வார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இந்த வாரம் நாம் பேச வந்தது இந்த இருவரைப் பற்றி.

பெரம்பலூரில் முதல் புத்தகத் திருவிழா 2012இல் நடந்தது. ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது அதை முன்னின்று நடத்தினார். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மாவட்டத்தில் புத்தகம் விற்குமா என்ற சந்தேகத்துக்கு, குடும்பம் குடும்பமாக வந்த மக்களே பதில் சொன்னார்கள். 2022 முதல் மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா நடத்துவதை அரசே திட்டமாக எடுத்துக்கொண்டது. மனதாரப் பாராட்டுகிறோம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். திருவிழாவில் மேடை இருக்கிறது. பட்டிமன்றம், சிறப்புரை, பொன்னாடை எல்லாம் இருக்கின்றன. எழுத்தாளர் பேசுகிறார், அதிகாரி பேசுகிறார், அமைச்சர் பேசுகிறார். வாசகரிடம் கேட்கப்படுவது பில் தொகை மட்டுமே. இத்தனை லட்சம் ரூபாய்க்கு விற்பனை என்று கடைசி நாள் அறிவிப்பு வரும். போன வருஷம் வாங்கியதில் எதைப் படித்தீர்கள், எதைப் பாதியில் மூடி வைத்தீர்கள் என்று மறு வருஷம் கேட்க அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

இத்தனைக்கும் படித்ததைப் பகிர்வது நம் மக்களுக்குப் புதிது அல்ல. திரௌபதி அம்மன் கோயிலில் ஒருவர் பாரதம் படிப்பார், ஊரே உட்கார்ந்து கேட்கும். 1950இல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வரத் தொடங்கியபோது ஓர் இதழ் ஒரு வீட்டோடு நின்றதில்லை. தெரு முழுக்கச் சுற்றி, ஓரம் மடங்கி, கடைசியில் யாரோ ஒருவர் கையில் கிழித்துத் தைத்த பைண்டு புத்தகமாக முடிந்தது. பழைய வீட்டுப் பரண்களில் அப்படிப்பட்ட பைண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. பல சமயம் நடுவில் ஒரு வாரம் இருக்காது. இரவல் போன இடத்தில் தங்கியிருக்கும்.

அந்தக் கதையின் பழுவேட்டரையர்கள் யாரோ எவரோ இல்லை. அரியலூர் மாவட்டத்து மேலப்பழுவூர், கீழப்பழுவூர்ப் பக்கம் ஆண்ட சிற்றரசர்கள். கீழையூர் இரட்டைக் கோயில் இன்றும் நிற்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் ‘பொன்னியின் செல்வன்’ அடுக்கடுக்காக விற்பதில் வியப்பில்லை. படங்கள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். நம் வருத்தம் வேறு: அதைப் படித்து முடித்தவரிடம் ‘அடுத்து இதைப் பாருங்கள்’ என்று சொல்ல ஆள் இல்லை. வெள்ளாற்றைத் தாண்டினால் இமையத்தின் உலகம். 1994இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் இந்தப் பக்கத்துக் காடுகழனியும் களத்துமேடும் அப்படியே இருக்கின்றன. விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காட்டை எழுதிய கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’யை எழுதினார், நடுநாட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். எறையூர்ப் பேச்சு அச்சில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவருக்கு இவை கைக்கெட்டும் தூரம். விளம்பரம் இந்தப் பெயர்களை அவரிடம் கொண்டுசேர்க்காது. படித்த இன்னொருவர் சொன்னால்தான் சேரும்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகளில், புத்தகத்துக்கு உரிய வாசகரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதையும் நூலகத்தின் கடமையாக வைத்தார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனது ஒரு நடமாடும் நூலகம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றைக்கும் நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேர்ந்தே போகிறது. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பகுதிநேர நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வயலில் இருப்பவரும் ஷிப்டில் இருப்பவரும் எப்படி வருவார்கள்? புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோகும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022இல் வந்தது. நல்ல காரியம். கொண்டுபோகிறவர்கள் திரும்பி வரும்போது புத்தகம் எப்படி இருந்தது என்று ஒரு சேதியும் வாங்கி வந்தால் என்ன?

வேலை நடக்கும் இடத்துக்கே புத்தகத்தைக் கொண்டுபோவதைக் கண்ணூர் பீடித் தொழிலாளர்கள் என்றைக்கோ செய்துவிட்டார்கள். சுற்றுகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் இந்த வழக்கம் உண்டு. ‘மாண்டி கிறிஸ்டோ’ என்ற சுருட்டின் பெயரே அங்கே படிக்கப்பட்ட அலெக்ஸாந்தர் துமாவின் நாவலிலிருந்து வந்தது. இயந்திர இரைச்சலில் காலணி ஆலைக்குள் இது நடக்காது என்பது தெரியும். பஸ்ஸில் நடக்கலாம்.

நாம் கேட்பது பெரிய செலவு இல்லை. புத்தகத் திருவிழாவில் மேடைக்குக் கீழே ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு நோட்டு. ஊர் நூலகத்தின் வாசலில் இன்னொரு நோட்டு. வருகிறவர் மூன்று வரி எழுதட்டும்: முடித்தது, படித்துக்கொண்டிருப்பது, அடுத்து எடுக்க நினைப்பது. இதில் நடு வரிதான் நமக்குப் பிடித்தது. முடித்த புத்தகத்தைப் பற்றி எல்லோரும் கொஞ்சம் பெருமையாகப் பேசுவார்கள். பாதியில் இருப்பவர் மட்டும் உள்ளதைச் சொல்வார். மூன்றாவது வரி நூலகருக்கு: எதை வாங்குவது என்று அவர் தலைமையகத்துப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு வேண்டுகோள், முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள். நூலகத் துப்பறியும் நாவல்களின் ஓரத்தில் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதி வைக்கும் வம்சம் இன்னும் அழியவில்லை.

நோட்டு வரும்வரை நம் இதழிலேயே இடம் தருகிறோம். அஞ்சல் அட்டையில் மூன்று வரி போதும். சமையல் குறிப்பு, ஜோதிடம், போட்டித் தேர்வு கைடு எதுவானாலும் சரி. எறையூரிலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் வருபவை முதலில். அலுவலகத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம். முடித்தது: ‘அஞ்சலை’. படித்துக்கொண்டிருப்பது: நடுநாட்டுச் சொல்லகராதி, அகராதியைப் பாதியில் என்று சொல்லலாமா என்று உதவி ஆசிரியர் கேட்கிறார், சொல்லலாம். அடுத்து எடுக்க நினைப்பது: நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’, தமிழாக்கம், இரண்டு பாகம். இரண்டாம் பாகம்தான் அலமாரியில் இருக்கிறது. முதல் பாகம் வைத்திருப்பவர் யாராவது இரவல் தந்தால் நல்லது.