ஒரே நிலவின் பல பிரதிகள்

விழா மலர்க் குழுவினர் சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என் இல்லம் போந்தனர். அவருள் ஒருவர் என்னிடம் பத்தாம் வகுப்பில் இலக்கணம் பயின்றவர். யான் உயர்தர வகுப்பில் பயின்ற காலத்தில் மாணவர் தமிழ் மன்றத்தார் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையின் பிரதியொன்று அவர் கையில் இருந்தது. இடப்பெயர்வுகளுக்குத் தப்பி, பழைய மாணவர் ஒருவர் வீட்டு றங்குப்பெட்டியின் அடியிற் கிடந்த ஒரே பிரதி அது. அதிலே ஒரு பக்கத்தை விரித்துக் காட்டி, “சேர், இதையும் மலரிலே போடலாமோ?” என்று வினவினார்.

தலைப்பைக் கண்டதும் எனக்கு உடல் கூசிற்று. ‘புகைப்படம் கலையாகாது’ என்பது அத்தலைப்பு, எழுதியவன் யானே. கருவி செய்யுந் தொழிலைக் கலையெனல் பேதைமை. பொத்தானை அமுக்குவோன் கலைஞனாயின் கதவைத் திறப்போனும் கலைஞனே என்று பதினெட்டு வயதில் அடித்துக் கூறியிருக்கின்றேன். புகைப்படக் கலைஞர் ஒருவரின் பெயரேனும் அறியாத காலத்தில் வழங்கிய தீர்ப்பு! “இரண்டு நாள் பொறுங்கள், திருத்தித் தருகிறேன்” என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். வேறு சிலர் தம் மாணவப் பருவத்து எழுத்தை வெளியிடவே வேண்டாமென்று குழுவினரை வேண்டிக்கொண்டனர் என்றும் அன்று அறிந்தேன். வளர்ந்த மனிதன் தன் பழைய ஆக்கத்தை யாது செய்தல் வேண்டும்? எரிப்பதா, திருத்துவதா, இருந்தபடியே விடுவதா? இவ்வினாவுக்கு விடை தேடுங்கால் என் நினைவில் வந்தவர், நான் அன்று கலைஞரல்லர் என்று தள்ளிய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரே.

அன்செல் அடம்ஸ் 1902ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தவர். இளமையிலே பியானோ வாசிப்பதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள எண்ணிப் பயின்றார். 1916இல் பெற்றோருடன் யோசமிற்றிப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது அவர்கள் வாங்கிக் கொடுத்த சிறு கொடக் பெட்டிக் கமராவே தொடக்கம். அக்காலத்துப் பலரைப் போலவே அவரும் புகைப்படம் ஓவியம்போல் தோன்றினாலன்றி மதிப்பில்லை என்று கருதி, மங்கலும் மென்மையுமான படங்களைச் செய்தார்.

1927 ஏப்பிரல் 10ஆந் தேதி அவர் ஹாஃப் டோம் என்னும் பெரும் பாறைமலையைப் படம்பிடிக்க, பாரமான கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து, நண்பர்களோடு பனி கிடந்த மலைச்சரிவில் ஏறினார். மலைமுகத்தில் ஒளி விழும் வேளையில் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். மஞ்சள் நிறக்கண்ணாடியை வில்லையின் முன் வைத்து ஒன்றை எடுத்தார். எடுத்த பின்னரே, இதில் வானம் வெளிறித் தோன்றும், தம் நெஞ்சம் உணர்ந்த பெருமிதம் வாராது என்று தெளிந்தார். உடனே கடுஞ்சிவப்புக் கண்ணாடியை மாற்றி, இறுதித் தகட்டில் மறுபடியும் எடுத்தார். வானம் கருமை பூண்டது. பாறை எழுந்து நின்றது. பிறக்கப்போகும் படத்தை மனக்கண்ணில் முன்னரே காணுதல் என்பதை அன்றே முதன்முதற் கற்றதாக அவர் பிற்காலத்திற் கூறினார். பொத்தானை அமுக்கும் விரல் இரண்டு முறையும் ஒன்றே. என் பழைய கட்டுரையின் வாதம் இந்த இடத்திலேயே இறந்துபடுகின்றது.

1930இல் நியூ மெக்சிக்கோவில் போல் ஸ்ராண்ட் என்பார் தம் நெகற்றிவ்களைக் காட்டினார். அச்சிட்ட படங்கள்கூட அல்ல, வெறும் நெகற்றிவ்கள். அவற்றைக் கண்டபின் அடம்ஸ் பியானோவை விடுத்துப் புகைப்படத்தையே தொழிலாகக் கொண்டார். எனினும் இசை அவரைவிட்டு நீங்கவில்லை. நெகற்றிவ் இசைக்குறிப்பைப் போன்றது, அச்சிடுதல் அதனை வாசித்தலைப் போன்றது என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையைச் சோதித்தது 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்து மாலையொன்று. நியூ மெக்சிக்கோவில் ஹேர்னாண்டஸ் என்னும் சிற்றூரைக் கடந்து செல்கையில், நிலவு எழுந்திருப்பதையும், மறையுங் கதிரவனின் ஒளி இடுகாட்டுச் சிலுவைகளில் வெண்மையாய்ப் படிவதையும் கண்டு வண்டியை நிறுத்தினார். ஒளியளக்குங் கருவி அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்தமையால் மனக்கணக்காகவே கணித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவதை எடுக்குமுன் சிலுவைகளின் ஒளி அவிந்துவிட்டது. (அது எந்நாள் என்பதை அவரே மறந்து பல ஆண்டுகளைக் குறித்தார். நவம்பர் 1, மாலை 4.49 என்று நிலவின் நிலையைக் கொண்டு 1991இலே கணிக்கப்பட்டது. அவர் 1984இலேயே மறைந்துவிட்டார். நாட்குறிப்பு எழுதாத என் போன்றோர்க்கு இது சிறிது ஆறுதல்.)

அந்த ஒரே நெகற்றிவ்விலிருந்து தம் வாழ்நாளில் 1,300க்கு மேற்பட்ட பிரதிகளை அவர் அச்சிட்டார். தொடக்கத்துப் பிரதிகளில் வானம் சாம்பல் நிறம். மெல்லிய முகில்கள் தெரியும். ஆண்டுகள் செல்லச்செல்ல, இருட்டறையில் ஒளியை ஓரிடத்திற் கூட்டியும் ஓரிடத்தில் மறைத்தும் வானத்தைக் கருக்கிக்கொண்டே வந்தார். முதுமையில் அச்சிட்டவற்றில் வானம் ஏறத்தாழக் கரியது. நூல்களில் இரண்டையும் பார்த்த அளவில், முந்தியது அந்த மாலைக்கு அண்மையது, பிந்தியது அந்த மனிதருக்கு அண்மையது என்பேன். எனக்கு முந்தியதே பிடிக்கும். அறிஞர் பலர் இதற்கு உடன்படார்.

1948இல் அவர் செய்த வேறொன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நெகற்றிவ்வின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்தமையால் அதனை இரசாயனக் கரைசலில் இட்டு வலுவூட்டினார். பிரதி கெட்டால் வேறு பிரதி உண்டு. மூலம் கெட்டால் மாற்று இல்லை. வெற்றி கிட்டியது உண்மையே. ஆயினும் அந்தத் துணிவை நான் மாணவர்க்குப் பரிந்துரையேன்.

எட்வர்ட் ஸ்ரைக்கன் வேறு வழி சென்றார். ஓவியராகவும் புகைப்படக் கலைஞராகவும் புகழ்பெற்ற அவர், முதலாம் உலகப் போருக்குப் பின் தம்மிடமிருந்த ஓவியங்களைத் தீயிலிட்டார். பின்பு ஒரு வெண்கோப்பையையும் தட்டையும் ஆயிரம் முறைக்கு மேல் படம்பிடித்துத் தொழிலை அடியிலிருந்து கற்றார். அந்தக் கோப்பையை வணங்குகின்றேன். அந்தத் தீயை வணங்கேன். எரிந்தவை நல்லவையா தீயவையா என்று நாம் இனி எவ்வாறு அறிவது? நம் நாட்டு லயனல் வென்ட், அடம்ஸைப் போலவே பியானோக் கலைஞர். அவர் 1944இல் தம் நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். பழைய வேலையைத் திரும்பிப் பார்க்கும் முதுமை அவருக்கு வாய்க்கவேயில்லை. வாய்த்தவர்கள் தீப்பெட்டியைத் தேடுவது எனக்கு உவப்பன்று.

அடம்ஸ் தம் எண்பதை அடைந்த பின், 1983இல், தம் படங்களில் நாற்பதை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வாறு பிறந்தது என்று ஒரு நூல் எழுதினார். அங்கே தம் தவறுகளையும் தடுமாற்றங்களையும் சொல்ல அவர் நாணவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குழுவினர் மீண்டும் வந்தனர். றங்குப்பெட்டியிலிருந்து வந்த தாளில் நான் பேனாவை வைக்கவில்லை. நெகற்றிவ் அது ஒன்றே. நான் இன்று சொல்ல விரும்புவதை வேறு தாளில் எழுதியுள்ளேன், அதுவே இக்கட்டுரை. இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் இடுமாறு வேண்டினேன். தம் எழுத்தை மறைக்கச் சொன்ன மற்ற அன்பர்களிடமும் இதைக் காட்டி மறுபடியும் கேட்குமாறு சொல்லியுள்ளேன். பழைய கட்டுரையில் பதினொரு ஒற்றுப்பிழைகள் உள, எண்ணினேன். அவற்றையேனும் திருத்தலாமே என்றார் என் மாணாக்கர். வேண்டாம் என்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைக் கண்டுபிடித்து நகைப்பார்கள், நகைக்கட்டும்.