குடித்தனக்காரர் செய்த சேதம்: வீட்டுக்காரர் பொறுப்பா?

மும்பையில் ஒரு வீட்டில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போனால், கஷ்டம் அந்த வீட்டோடு நிற்பதில்லை. கீழ் வீட்டில் ஒழுகி, அரிசியும் துணிமணியும் நனைகின்றன. நஷ்டப்பட்டவர் யாரைக் கேட்பது? குடியிருப்பவரையா, வாடகை வாங்குபவரையா?

மாதுங்கா, செம்பூர், தாராவி பகுதிகளில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கு இது முக்கியமான கேள்வி. தகராறு வந்தால் முதலில் கை வைக்கப்படுவது அவர்கள் கொடுத்த டிபாசிட் பணத்தில்தான்.

யார் தவறு?

சேதம் யாரால் வந்தது என்பதே முதல் கேள்வி. குழாயை மூட மறந்தவர் குடித்தனக்காரர் என்றால், கீழ் வீட்டாருக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். வீடு தன்னுடையது என்ற ஒரே காரணத்தால் சொந்தக்காரர் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார். ஆனால் சுவருக்குள் போகும் குழாய் துருப்பிடித்து, பலமுறை சொல்லியும் அவர் கவனிக்காமல் விட்டிருந்தால், பொறுப்பு அவர் பக்கம் திரும்பும்.

1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு, வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை என்கிறது. 15 நாள் நோட்டீசு கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே பழுது பார்த்து, செலவை வாடகையில் கழித்துக் கொள்ளலாம். கழிக்கும் தொகை வருட வாடகையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

வாடகைதாரருக்கும் கடமை உண்டு. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவுப்படி, குடி வந்தபோது இருந்த நிலையிலேயே அவர் வீட்டை வைத்திருக்க வேண்டும். நாள்பட்ட தேய்மானத்துக்கு மட்டும் அவர் பொறுப்பல்ல. வெள்ளம், புயல் போல் தடுக்க முடியாதவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே, மங்கிப் போன சுண்ணாம்புக்கு டிபாசிட்டைப் பிடிப்பது நியாயமல்ல. உடைத்த கதவுக்குப் பிடிப்பது நியாயமே.

ஒப்பந்தம் எங்கே?

இப்போது பலர் இருப்பது 11 மாத 'லீவ் அண்டு லைசென்சு' ஒப்பந்தத்தில். சட்டப்படி இவர்கள் வாடகைதாரர்கள் அல்ல. மேலே கண்ட உரிமைகள் இவர்களுக்குத் தாமாக வந்து சேராது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே முக்கியம். அதை எழுதிப் பதிவு செய்வது சொந்தக்காரரின் பொறுப்பு என்று 55-வது பிரிவு கூறுகிறது. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவு இல்லாத நிலையில், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மறுத்து நிரூபிக்கப்படும் வரை செல்லும்.

2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் வேலைகளைப் பிரித்தே காட்டுகிறது. வெள்ளையடிப்பது, மின்கம்பி மாற்றுவது சொந்தக்காரர் வேலை. குழாய், சுவிட்சு, பூட்டு பழுது பார்ப்பது வாடகைதாரர் வேலை. குடியிருப்பு வீட்டுக்கு டிபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆனால் மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் அது செல்லும்.

சட்டம் சாதகமாக இருந்தாலும், கூலி வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய எல்லோராலும் முடியாது. குடி போகும் அன்றே சுவர் வெடிப்பு, குழாய், சுவிட்சு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து, போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது நல்லது. பழுது இருந்தால் எழுத்து மூலம் தெரிவித்து, நகல் வைத்துக் கொள்ள வேண்டும். காலி செய்யும் நாளில் டிபாசிட்டைக் காப்பாற்றுவது அந்த ஒரு தாள்தான்.