ஆனர்ஸில் சேர்க்கலாமா?

மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் அமெரிக்கத் தமிழ் வீடுகள் பலவற்றில் இதே பேச்சுதான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு, அங்கேயே நன்றாகப் படிப்பவர்களுக்கென்று தனியாக உள்ள ஆனர்ஸ் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வந்திருக்கும். "வேண்டாங்க, இருக்கிற பாடமே போதும். ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) அடிவாங்கிட்டா மெடிக்கல் ஸ்கூல் கிடைக்காது" என்று போன வாரம் ஒரு தகப்பனார் சொன்னார். நல்ல வாய்ப்பை மறுக்க இதைவிட மோசமான காரணம் இருக்க முடியாது.

மற்றவர்கள் ஐந்து கணக்குப் போட்டால் ஆனர்ஸ் மாணவன் பத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியல்ல. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய பாரெட் ஆனர்ஸ் கல்லூரியைப் பாருங்கள். அங்கே முதலாண்டு மாணவர்கள், பொறியியல் படிப்பவர்கள் உட்பட, 'தி ஹியூமன் ஈவென்ட்' என்ற பாடத்தை எடுத்தே ஆக வேண்டும். வகுப்பில் ஏறக்குறைய இருபது பேர். விரிவுரை கிடையாது. பழைய நூல் ஒன்றை வாசித்துவிட்டு வந்து மாணவர்களே விவாதிக்க வேண்டும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் மதிப்பெண் குறையும். நம் பிள்ளைகள் பலருக்குக் கஷ்டமும் இதுதான், தேவையும் இதுதான்.

ஜி.பி.ஏ. பயத்துக்கு வருவோம். ஆனர்ஸுக்குத் தேவையான கிரெடிட்டில் பெரும்பகுதியை, பட்டத்துக்கு எப்படியும் படிக்க வேண்டிய பாடங்களிலேயே எடுத்துவிடலாம். பேராசிரியரிடம் பேசி, கூடுதலாக ஒரு கட்டுரையோ சிறு ஆய்வோ செய்வதாக எழுதிக் கொடுத்தால் வழக்கமான வகுப்பே ஆனர்ஸ் கணக்கில் சேரும். ஜி.பி.ஏ. 3.25க்குக் கீழே போகக் கூடாது என்ற விதி பாரெட்டில் உண்டுதான். தொடர்ந்து இறங்கினாலும் போவது ஆனர்ஸ் மட்டுமே, பட்டம் போகாது.

கடைசியில் ஆய்வேடு எழுதி, குழுவின் முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தகப்பனார் யோசிக்க வேண்டிய இடம் இது. மெடிக்கல் ஸ்கூலுக்குப் பரிந்துரைக் கடிதத்தை யார் நன்றாக எழுதுவார்? முந்நூறு பேர் வகுப்பில் பிள்ளையின் முகமே பார்த்திராதவரா, மாதக்கணக்கில் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்தவரா? இந்த நெருக்கம் புதிதல்ல. 1922இல் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அதன் தலைவர் ஃபிராங்க் எய்ட்லாட் ஆனர்ஸ் முறையைக் கொண்டுவந்தபோது தேர்வாளர்களை வெளியிலிருந்து வரவழைத்தார். அதனால் மதிப்பெண் போடும் வேலை ஆசிரியருக்கு இல்லாமல் போனது. மாணவனோடு சேர்ந்து படிப்பதே அவர் வேலையானது. அந்த நெருக்கம்தான் ஆனர்ஸின் உயிர்.

சேர்ந்தால் படிப்பு இலவசம் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (பென் ஸ்டேட்) ஷ்ரையர் ஆனர்ஸ் கல்லூரி உதவித்தொகை தருகிறது. பாரெட்டிலோ தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். முதலாண்டில் சேராதவர்களும் பிறகு விண்ணப்பிக்க இரண்டு இடங்களிலுமே வழி உண்டு.

வாசிப்பதும் எழுதுவதும் அறவே பிடிக்காத பிள்ளையைப் பெருமைக்காக உள்ளே தள்ளாதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை ஜி.பி.ஏ. பயம் காட்டித் தடுக்கவும் செய்யாதீர்கள். அழைப்பு வந்திருந்தால் ஆனர்ஸ் வகுப்பொன்றில் ஒரு நாள் உட்கார அனுமதி கேட்டு அனுப்பி வையுங்கள். பிறகு முடிவைப் பிள்ளையே எடுக்கட்டும்.